கிளிப் ரப்பர் கழல்கிறதா, மஞ்சளாகிறதா, அறுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

"இந்த கம்பெனி மாட்யூல் சரியில்லை, டீலரை மாற்றணும்" என்ற பேச்சு கிளிப் போடும் எந்த கிளினிக்கிலும் அடிக்கடி கேட்கும். பல நேரங்களில் டீலர் மேல் தப்பே இருக்காது. மாட்யூல் என்பது, பல்லில் ஒட்டிய பிராக்கெட்டின் நான்கு விங்கையும் (இறக்கை போன்ற முனைகள்) சுற்றிக்கொண்டு கம்பியை அதன் ஸ்லாட்டுக்குள் (நடுப் பள்ளம்) பிடித்து வைக்கும் சின்ன ரப்பர் வளையம். அதனால் முடிகிற வேலை கொஞ்சம்தான். முடியாத வேலையை அதன் தலையில் கட்டிவிட்டு, அது தோற்றதும் பெட்டியைக் குறை சொல்கிறோம். என்ன நிறம், என்ன கம்பெனி என்பதெல்லாம் பிறகு. இந்தப் பல்லில் இந்த மாதம் ரப்பர் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. கிளிப் வேலை பழகும் இளம் டாக்டர்களையும், நாற்காலி பக்கத்தில் நின்று மாட்யூல் எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வடிகட்டல்

எந்தத் தொல்லையாக இருந்தாலும், அது எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒரே ஆளுக்கு, ஒரே பல்லில் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகம் அந்த பிராக்கெட் மேல். ஒரே ஆளுக்குப் பல பற்களில் வந்தால் அவருடைய கடி, சாப்பாடு, பழக்கம். பல பேருக்கு வருகிறது, ஆனால் எல்லாருக்கும் ரப்பர் போட்டது ஒரே கை என்றால் போடும் முறை. யார் போட்டாலும் யாருக்கும் நிற்கவில்லை என்றால்தான் பெட்டியும் அலமாரியும்.

இதைக் கண்டுபிடிக்க கேஸ் ஷீட்டில் பல் எண் இருக்க வேண்டும். "மாட்யூல் மாற்றப்பட்டது" என்று எழுதுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. "33-ல் (கீழ் இடது கோரைப்பல்) கழன்றிருந்தது, 43-ல் (கீழ் வலது கோரைப்பல்) அறுந்திருந்தது" என்று எழுதினால் அடுத்தடுத்த வருகைகளில் கதை தானாக விளங்கும்.

"டாக்டர், ரப்பர் அறுந்துபோச்சு"

இப்படி போன் வந்தால் உடனே "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். எந்த ரப்பர் என்று கேளுங்கள். நோயாளிக்கு எல்லாமே ரப்பர்தான்: ஒவ்வொரு பிராக்கெட்டிலும் இருக்கும் மாட்யூல், பல பற்களைச் சேர்த்து இழுக்கும் பவர் செயின், மேல் தாடைக்கும் கீழ் தாடைக்கும் அவரே மாட்டிக்கொள்ளும் எலாஸ்டிக். எலாஸ்டிக் அறுந்தால் பாக்கெட்டிலிருந்து புதிதை மாட்டிக்கொண்டால் போதும். அது தினமும் மாற்ற வேண்டிய சாமான். முன்பல்லில் ஒரு மாட்யூல் போனால் இரண்டு மூன்று நாள் தாங்கும், கம்பி ஸ்லாட்டை விட்டு வெளியே வராத வரை. செயின் அறுந்தாலோ, திருப்பிக்கொண்டிருக்கும் பல்லில் மாட்யூல் போனாலோ சீக்கிரம் வரச் சொல்லுங்கள். போட்டோ அனுப்பச் சொன்னால் பாதிப் பேருக்குப் பயணமே மிச்சமாகும்.

"போட்டு நாலு நாளில் மஞ்சளாகிவிட்டது"

நம் ஊரில் வரும் புகார்களில் முதல் இடம் இதற்குத்தான். மாட்யூல்கள் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனவை. வாயின் ஈரத்திலும் சூட்டிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக நீரை உறிஞ்சி ஊதும், கூடவே நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால் எண்ணெய் மிதக்கும் வற்றக்குழம்பும் பிரியாணியும் கறை ஏற்றுகிற அளவுக்கு, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்ட ரசம் ஏற்றுவதில்லை. டீ, காபி, பாக்கு, புகையிலை எல்லாம் பழுப்பேற்றும். ஈறு வீக்கத்துக்காக நாமே எழுதிக் கொடுத்த குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் பழுப்பேற்றும் என்பதை நோயாளியிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஆக, மஞ்சள் கறை என்பது பழுது அல்ல. நிறத்தை மாற்றிப் போட வேண்டிய விஷயம். நிறமில்லாத மாட்யூல், முத்து நிறம், வெள்ளை மூன்றும் முதலில் விழும். இளநீலத்தில் மஞ்சள் ஏறினால் பாசி பிடித்த மாதிரி பச்சையாகிவிடும். வெள்ளி, சாம்பல், அடர் நீலம், ஊதா, அரக்கு நன்றாகத் தாக்குப் பிடிக்கும். வெள்ளையில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பளிச்சென்ற வெள்ளை ரப்பருக்குப் பக்கத்தில் நல்ல பல்லே மஞ்சளாகத் தெரியும். அம்மா வந்து "கிளிப் போட்டதுல பல்லு மஞ்சளாயிடுச்சு டாக்டர்" என்று சொன்னால் பல்லைப் பார்ப்பதற்கு முன் ரப்பரின் நிறத்தைப் பாருங்கள்.

செராமிக் பிராக்கெட் போட்டவர்கள் பாடுதான் கஷ்டம். தெரியக் கூடாது என்று கூடுதல் காசு கொடுத்திருக்கிறார்கள், முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்போடு ரப்பர் மட்டும் தனியாகத் தெரிய ஆரம்பிக்கிறது. இவர்களுக்கு மூன்று வழி சொல்லலாம். ஒன்று, முன் ஆறு பற்களில் லேசான சாம்பல் சாயல் உள்ள மாட்யூல். இரண்டு, வெள்ளைப் பூச்சுப் பூசிய ஸ்டீல் லிகேச்சர் (ரப்பருக்குப் பதில் கட்டும் மெல்லிய கம்பி). பூச்சு நாளடைவில் உரிந்து கம்பி தெரியும் என்பதைச் சொல்லியே போடுங்கள். மூன்றாவது வழி காலண்டர்: கல்யாணம், நிச்சயதார்த்தம், இன்டர்வியூ இருந்தால் அதற்கு முந்தின நாள் மாட்யூல் மாற்ற வரச் சொல்வது. பத்து நிமிட வேலை, ஆனால் நோயாளி இதை மறக்க மாட்டார்.

எந்தப் பெட்டி கறையைக் குறைவாக வாங்கும் என்று விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரே நிறத்தில் இரண்டு மூன்று மாட்யூலை ஒரு நூலில் கோத்து, வீட்டுக் குழம்பு ஊற்றிய டம்ளரில் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் கழுவி வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எதுவுமே கறை வாங்காமல் இருக்காது என்பதும் தெரியும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளோடு எந்த ரப்பரும் போட்டி போட முடியாது.

ஏறிய கறையை எடுக்க வீட்டில் சோடா உப்பைத் தேய்ப்பவர்கள் உண்டு. மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்துப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். அந்த வைத்தியம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

"கழன்று விழுகிறது"

மாட்யூல் அறுபடாமல் முழு வளையமாகக் கழன்று வந்தால் அது பிடித்துக்கொள்ள இடம் போதவில்லை என்று அர்த்தம். ப்ரோப்பை (மெல்லிய நுனியுள்ள ஆய்வுக் கருவி) எடுத்து விங்குக்கு அடியில் ஓட்டிப் பாருங்கள். பிராக்கெட் ஒட்டும்போது பிதுங்கி வந்த காம்போசிட் பசை அங்கே இறுகிக் கிடந்தால் ரப்பர் உள்ளே போகாமல் விங்கின் விளிம்பிலேயே தொத்திக்கொண்டு நிற்கும், முறுக்கு கடித்ததும் குதித்துவிடும். ஒரே பல்லில் மாதா மாதம் கழலும் கேஸ்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். சுரண்டும் ஸ்கேலரால் அல்லது மெல்லிய பரால் (சுழன்று தேய்க்கும் முனை) சுத்தம் செய்துவிட்டால் அதே பெட்டி ரப்பர் நன்றாக நிற்கும்.

ஈறு வளர்ந்து விங்கை மூடியிருந்தாலும் இதே கதைதான். அங்கே ரப்பரை அழுத்தித் திணித்தால் ஈறு இன்னும் வீங்கும். அடுத்தது, கம்பி முழுதாக ஸ்லாட்டில் உட்காராமல் முன்னால் துருத்திக்கொண்டிருப்பது. ரப்பர் அதன் மேல் இழுபட்டு நிற்கும்போது எந்தப் பக்கம் வழுக்கலாம் என்றே காத்திருக்கும். கடைவாய்ப் பக்கம் கைக்கு எட்டாமல் மூன்று விங்கில் மட்டும் மாட்டிவிட்டு நான்காவது மாட்டியதாக நினைத்துக்கொள்வதும் நடக்கும். கண்ணாடியில் பார்க்காமல் நோயாளியை எழுப்பாதீர்கள்.

"அறுந்து போகிறது"

அறுந்த துண்டு கிடைத்தால் அதைப் பாருங்கள். ஒரே இடத்தில் சுத்தமாக வெட்டின மாதிரி இருந்தால் கருவி கிழித்திருக்கும். ரப்பரைப் பிடிக்கும் மாஸ்கிட்டோ இடுக்கியின் நுனிப் பல் தேய்ந்து கூராகியிருந்தால் ரப்பரைப் பிடிக்கும்போதே சின்னக் கீறல் விழும். வாயில் இரண்டு நாள் கழித்து அங்கிருந்து கிழியும். ஒரே உதவியாளர் கையில் போகிறவர்களுக்கு மட்டும் அறுகிறது என்றால், அவரைத் திட்டுவதற்கு முன் அவர் கருவியைப் பாருங்கள். இன்னொரு காரணம் அளவுக்கு மீறி இழுப்பது. ஒரு விங்கில் மாட்டி, கம்பிக்குக் குறுக்கே கொண்டுபோய் அடுத்தடுத்த விங்கில் தள்ளினால் போதும். காற்றில் அகலமாக இழுத்துக் கொண்டுவந்து ஒரே அடியாகக் கவிழ்த்தால் ரப்பர் பழைய நிலைக்குத் திரும்பாது.

நசுங்கி, நார் நாராக இருந்தால் எதிர்ப்பல் கடிக்கிறது. மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களை ஆழமாக மூடியிருப்பவர்களுக்குக் கீழ் முன்பல் மாட்யூல்கள் எப்போதும் இப்படிப் போகும். இதற்கு நல்ல ரப்பர் என்று ஒன்று கிடையாது. கடைவாய்ப் பற்களின் மேல் சிமென்ட் மேடு வைத்தோ, மேல் முன்பல்லின் பின்புறம் காம்போசிட் தடுப்பு வைத்தோ கடியைத் திறந்துவிட்டால் ரப்பரும் பிழைக்கும், பிராக்கெட்டும் பிழைக்கும்.

கரும்பு, சீடை, ஐஸ்கட்டி, பேனா மூடி கடிக்கும் பழக்கம் எல்லாம் இருக்கவே இருக்கின்றன. இதை எல்லா டாக்டரும் சொல்கிறார்கள், எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை.

"மூணு மாசமா இந்தப் பல் திரும்பவே இல்லை"

ரப்பரைத் தப்பான வேலைக்கு அனுப்புவது அதிகம் நடப்பது இங்கேதான். திரும்பி நிற்கும் கோரைப்பல்லையோ முன்கடைவாய்ப் பல்லையோ எடுத்துக்கொள்ளுங்கள். 0.014 அங்குல நைடை (நிக்கல்-டைட்டானியம்) கம்பி போட்டு, மாட்யூலால் கட்டி அனுப்புகிறோம். கட்டின அன்று கம்பி ஸ்லாட்டின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும், இன்னொரு ஓரத்தில் ரப்பர் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். பாலியூரித்தேன் ரப்பர்களின் குணம் என்னவென்றால், இழுத்து வைத்தால் விசையைச் சீக்கிரம் இழக்கும். செயினில் அளந்து பார்த்த ஆய்வுகளில் முதல் 24 மணி நேரத்திலேயே ஆரம்ப விசையில் பாதிக்கு மேல் போய்விடுகிறது, அப்புறம் மெதுவாகத் தேய்கிறது. மாட்யூலும் அதே பொருள்தான். பல் திரும்ப வேண்டிய கடைசிப் பத்து டிகிரி வரும்போது ரப்பர் தளர்ந்து, கம்பி ஸ்லாட்டை விட்டு ஒரு மயிரிழை வெளியே நின்றுகொண்டிருக்கும். பல் அந்த மயிரிழையிலேயே நின்றுவிடும்.

பார்ப்பது எளிது. மாட்யூலை எடுக்காமல் ப்ரோப்பின் முதுகால் கம்பியை ஸ்லாட்டுக்குள் அழுத்துங்கள். உள்ளே போய்விட்டு விட்டதும் வெளியே வந்தால் கம்பி சரி, கட்டு போதவில்லை. அழுத்தினாலும் உள்ளே போகவில்லை என்றால் கம்பி அந்தப் பல்லுக்கு இன்னும் கனம். மெல்லிய கம்பிக்குத் திரும்பிப் போங்கள், ரப்பரை மாற்றி ஒன்றும் ஆகாது.

கட்டு போதாதபோது முதல் படி எட்டுக் கட்டு, அதாவது மாட்யூலை 8 வடிவில் முறுக்கி மாட்டுவது. ஈறுப் பக்கத்து இரண்டு விங்கில் மாட்டிய மாட்யூலை, கம்பிக்கு மேலே ஒரு முறுக்கு விட்டு, கடிக்கும் பக்கத்து விங்கில் மாட்டினால் ரப்பர் பிராக்கெட்டின் நடுவில் குறுக்காகக் கடந்து கம்பியை நேராக உள்ளே அமுக்கும். இதுவும் தளரும், ஆனால் தொடக்கம் பலமானது. அடுத்த படி ஸ்டீல் லிகேச்சர். 0.010 அங்குலக் கம்பியைச் சுற்றி, மேத்யூ இடுக்கியால் முறுக்கி, மூன்று மில்லிமீட்டர் வால் விட்டு வெட்டி, அந்த வாலை ஆர்ச் கம்பிக்கு (ஸ்லாட்டில் ஓடும் முக்கியக் கம்பி) அடியில் மடித்துவிட்டால் அடுத்த வருகை வரை தளராது. விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் விரலில் குத்தினால் அவர் உதட்டிலும் குத்தும்.

ஸ்டீல் கட்டுக் கட்ட இரண்டு நிமிடம் கூடுதலாகும் என்று எல்லாப் பல்லுக்கும் ரப்பர் போடும் பழக்கம் வந்துவிட்டது. கூட்டமான மாலையில் அது புரிகிறது. ஆனால் வாயில் 20 பல் இருந்தால் ஸ்டீல் கட்டு வேண்டியது இரண்டோ மூன்றோதான். அந்த இரண்டு மூன்றில் மிச்சம் பிடிக்கும் நிமிடங்களுக்கு, கடைசியில் மாதக் கணக்கில் வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

"இடைவெளி மூடவே மாட்டேங்குது"

இதில் எட்டுக் கட்டே வில்லனாகும். மேலே சொன்ன அதே இறுக்கம், கம்பியின் வழியே பல் வழுக்கிக்கொண்டு போக வேண்டிய கட்டத்தில் பிரேக்காக மாறிவிடுகிறது. உராய்வு அதிகம் எட்டுக் கட்டில், அதற்கு அடுத்து சாதாரண மாட்யூல், தளர்வாகக் கட்டிய ஸ்டீல் லிகேச்சரில் குறைவு. 0.022 அங்குல ஸ்லாட்டில் 0.019 × 0.025 அங்குல ஸ்டீல் கம்பி போட்டு இடைவெளி மூடும்போது, கம்பி வழுக்க வேண்டிய கடைவாய்ப் பக்கத்தில் எங்காவது பழைய எட்டுக் கட்டு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

இழுக்கும் ரப்பரையும் பார்க்க வேண்டும். செயினை இருந்த நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இழுத்துக் கட்டினால் வேகமாக மூடும் என்று நினைப்பது வீண். முதல் நாள் வலிக்கும், அப்புறம் ஓய்ந்துவிடும். டைபேக் (கடைவாய்ப் பல்லிலிருந்து கம்பியின் கொக்கிக்கு மாட்யூலோடு போடும் இழுகட்டு) கட்டும்போதும் மாட்யூல் அதன் அளவைப் போல இரு மடங்காக நீண்டால் போதும். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மூடினாலே நல்ல வேகம். ஊரிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வர முடிகிறவர்களுக்கு செயின் வேண்டாம், விசையை நீண்ட நாள் காப்பாற்றும் நைடை காயில் ஸ்பிரிங் போடுங்கள்.

"ஈறு வீங்கியிருக்கு, பல்லில் வெள்ளைத் திட்டு"

ஸ்டீல் கட்டைவிட ரப்பரைச் சுற்றி அழுக்குப் படலம் அதிகம் சேரும். சரியாகத் துலக்காத பிள்ளைக்கு நான்கு வாரத்துக்குள்ளேயே பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டு தெரியத் தொடங்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு முன்பற்களில் ஸ்டீல் கட்டுக்கு மாறுங்கள், எட்டுக் கட்டையும் தேவையில்லாத செயினையும் எடுத்துவிடுங்கள். ஃப்ளூரைடு விடும் மாட்யூல் என்று விற்பது முதல் சில நாட்களில்தான் தாராளமாக விடும், அப்புறம் ஊதிக்கொண்டு நிற்கும். அதை நம்பி ஃப்ளூரைடு பற்பசையும் பிரஷும் பற்றிய பேச்சை விட்டுவிடாதீர்கள்.

"பெட்டியைத் திறந்தாலே பிசுபிசுப்பு"

யாருக்குப் போட்டாலும் தளர்கிறது, மாட்யூல்கள் ஒட்டிவரும் குச்சியிலிருந்து பிய்க்கும்போதே கிழிகிறது, நிறம் மங்கியிருக்கிறது என்றால் இப்போது பெட்டியைச் சந்தேகப்படலாம். காலாவதித் தேதியைப் பாருங்கள். அப்புறம் அலமாரியைப் பாருங்கள். சூடு, ஈரம், வெயில் மூன்றும் இந்த ரப்பருக்கு ஆகாது. ஏ.சி. ஓடும் நேரத்தில் கிளினிக் ஜில்லென்று இருக்கும், பூட்டிவிட்டுப் போன பிறகு மே மாத ஞாயிற்றுக்கிழமை அந்த அறை என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். ஜன்னல் ஓர ஷெல்ஃப், ஆட்டோகிளேவ் வைத்த மேஜைக்கு மேல் தட்டு இரண்டும் கூடாது. மூடி போட்ட இருட்டான டப்பா, கீழ் இழுப்பறை போதும்.

வாய்க்குள் போய்வந்த குச்சியில் மிச்சமிருப்பதை ஆட்டோகிளேவில் போடுவதும், குளூட்டரால்டிஹைடில் ஊறப்போடுவதும் சிக்கனமாகத் தோன்றும். சூடும் ரசாயனமும் ரப்பரைக் கெடுக்கும். முன்கூட்டியே சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைத்துக்கொண்டு, ஒருவருக்கு எடுத்ததில் மிஞ்சியதைத் தூக்கிப் போடுவதுதான் சரி. எச்சில் பட்ட கையுறையோடு பெட்டிக்குள் கை விடாமலிருக்க ஒரு சுத்தமான ட்வீசரைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

புது கம்பெனி வாங்கினால் நாற்காலிக்கு வருவதற்கு முன் ஒரு சோதனை: ஒரு மாட்யூலை இரண்டு மாஸ்கிட்டோ நுனியில் மாட்டி இரண்டு மடங்கு இழுத்து விடுங்கள். வட்டமாகத் திரும்பினால் சரி. முட்டை வடிவில் நின்றுவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

"உதடு அரிக்குது", "ரப்பரை முழுங்கிட்டான்"

மாட்யூலும் செயினும் பாலியூரித்தேன் என்பதால் லேடெக்ஸ் ஒவ்வாமைக்கு அவை காரணமாக இருப்பது அரிது. நோயாளி மாட்டும் எலாஸ்டிக்குகள் பல இயற்கை ரப்பர், கையுறையும் அப்படி இருக்கலாம். முதலில் அவற்றை நிறுத்தி லேடெக்ஸ் இல்லாதவற்றைக் கொடுங்கள்.

மாட்யூலை விழுங்கினால் தன்னால் வெளியே போய்விடும். இருமல், மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி. பயப்பட வேண்டியது வேறு ஒன்று: பிராக்கெட் இல்லாத பல்லைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு இடைவெளி மூடும் வீடியோ வைத்தியம். பல்லின் வேர் கீழே போகப் போகக் குறுகும். ரப்பர் மெதுவாக ஈறுக்கு அடியில் இறங்கி, வேரைப் பிடித்திருக்கும் எலும்பை அரித்துவிடும். வெளியே ரப்பர் தெரியாது, பல் மட்டும் ஆட ஆரம்பிக்கும். திடீரென்று இரண்டு முன்பல் ஆடுகிறது என்று வரும் பிள்ளையிடம் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். எக்ஸ்ரேயில் ரப்பர் தெரியாமல் போகலாம்.

"எந்தக் கலர்னு முடிவே பண்ண மாட்டேங்கிறான்"

தட்டில் முப்பது நிறத்தை நீட்டினால் இப்படித்தான் ஆகும். ஆறு நிறம் போதும். கறுப்பு தூரத்திலிருந்து பார்த்தால் கடுகு ஒட்டின மாதிரி தெரியும், இளம்பச்சை கொத்தமல்லி மாதிரி. இரண்டையும் தட்டிலேயே வைக்காதீர்கள். ஸ்டீல் கட்டு வர வேண்டிய பற்களை நீங்கள் முதலில் முடிவு செய்துகொண்டு, மற்ற பற்களுக்கு மட்டும் நிறம் கேளுங்கள். இல்லையென்றால் "இந்தப் பல்லுக்கு ஏன் கலர் இல்லை?" என்று ஒரு பஞ்சாயத்து வரும். காத்திருக்கும் இடத்திலேயே "தம்பி, இந்த மாசம் என்ன கலர்டா?" என்று உதவியாளர் கேட்டு ஷீட்டில் குறித்துவிடட்டும். வாயில் உதட்டை விலக்கும் ரிட்ராக்டர் மாட்டின பிறகு கேட்டால் வருகிற பதில் நீலமா ஊதாவா என்று யாருக்கும் புரியாது.